முதுகில் வலி, காரணம் கழுத்திலா?

ஜுரத்துக்கு மருந்து வைத்தியரிடம் இருக்கிறது. முதுகுவலிக்கு மருந்தோ வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஒருவர் விளக்கெண்ணெய் என்பார். இன்னொருவர் நொச்சி இலை ஒத்தடம் என்பார். மூன்றாமவர் சுளுக்கு வழிக்கும் கிழவரின் விலாசத்தையே எழுதிக் கொடுத்துவிடுவார். 'எல்லாம் வாயு' என்று ஒரே சொல்லில் தீர்ப்புச் சொல்லும் பாட்டிமாருக்கும் நமது நாட்டில் குறைவில்லை. இந்த வைத்தியங்களில் பலவும் கெடுதல் செய்வன அல்ல. பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடுகிறது. ஆகவே கடைசியாகச் செய்த வைத்தியத்துக்குப் புகழ் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இந்த வாரம் நாம் எழுத முற்பட்டது அப்படி இறங்காத வலியைப் பற்றி. எத்தனை படம் பிடித்துப் பார்த்தும் காரணம் புலப்படாத வலியைப் பற்றி.

சேலம் ஜில்லா ஆத்தூரில் முதுகு வலிப்பதற்குக் காரணங்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. வடக்கே கல்வராயன் மலையும் தெற்கே பச்சைமலையும் நிற்க, நடுவே வசிட்ட நதி செல்லும் அந்தப் பிரதேசம் மரவள்ளிக்குப் பெயர் போனது. குச்சிக் கிழங்கு என்று அங்கே அழைக்கப்படும் அந்தக் கிழங்கைப் பிடுங்குவது குனிந்து செய்கிற வேலை. சேகோ ஆலையில் தோல் சீவுவது உட்கார்ந்து கூன் போட்டுச் செய்கிற வேலை. ஜவ்வரிசியைக் களத்தில் பரப்பிக் காய வைப்பது மறுபடியும் குனிந்து செய்கிற வேலை. வீட்டோடு இருக்கும் ஸ்திரீகளுக்கோ தண்ணீர்க் குடமும் துணி மூட்டையும் இடுப்புக் குழந்தையும் இருக்கவே இருக்கின்றன. இவர்களில் ஒருத்தி, "இடுப்பு விட்டுப் போகிறது" என்று சொன்னால், "வேலை செய்தால் வலிக்காதா?" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கிறது. சரியில்லாத சமயத்திலேதான் ஒரு குடும்பம் வருஷக்கணக்கில் கஷ்டப்பட நேருகிறது.

முதலில் பொது விஷயத்தைச் சொல்லிவிடுவோம். 2020-ஆம் வருஷத்தில் உலகம் முழுவதிலும் சுமார் 61 கோடியே 90 லட்சம் பேர் இடுப்புவலியால் அவதிப்பட்டதாக உலக சுகாதார ஸ்தாபனம் கணக்கிட்டிருக்கிறது. இவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய காரணம் எதுவும் அகப்படுவதில்லை. காரணம் அகப்படாததால் வலி பொய் என்று அர்த்தமல்ல. தசை, மூட்டு, தூக்கக் குறைவு, மனக் கவலை ஆகிய எல்லாம் சேர்ந்து உண்டாக்கும் வலி அது. இப்படிப்பட்டவர்களுக்குப் படுக்கையைவிட நடமாட்டமே நல்ல மருந்து.

எம்.ஆர்.ஐ. படம் எடுத்தால் உண்மை தெரிந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் படம் சில சமயம் உண்மைக்கு மேலேயும் சொல்லிவிடும்! முதுகுவலி என்பதையே அறியாத ஜனங்களின் முதுகெலும்பைப் படம் பிடித்து ஆராய்ந்த பல ஆராய்ச்சிகளை ஒன்று சேர்த்து 2015-இல் வெளியிட்டார்கள். வலியே இல்லாத இருபது வயதுக்காரர்களில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரர்களில் 96 பேருக்கும் முதுகெலும்பின் 'டிஸ்க்' தேய்ந்திருந்தது. தலை நரைப்பது போல அதுவும் நரைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே 'டிஸ்க் தேய்வு' என்று காகிதத்தில் கண்டவுடன் வலியின் காரணம் அகப்பட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுவது ஆபத்து. மெய்யான காரணம் வேறொரு இடத்தில் மறைந்திருக்கலாம்.

அப்படி மறைந்திருக்கக்கூடிய இடங்களில் ஒன்று கழுத்து.

கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குக் கீழே, வண்ணாத்திப் பூச்சி சிறகை விரித்தாற் போல ஒரு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதன் பெயர் தைராய்டு. நாம் உண்ணும் உணவிலிருந்து அயோடின் என்ற சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, அதைக் கொண்டு தைராக்ஸின் என்னும் ரசத்தைச் செய்து இரத்தத்தில் கலந்துவிடுவது அதன் தொழில். தேகத்தின் ஒவ்வோர் அணுவும் எவ்வளவு வேகத்தில் வேலை செய்ய வேண்டும் என்பதை அந்த ரசம் நிர்ணயிக்கிறது. அடுப்புக்கு விறகு தள்ளுகிறவன் தூங்கிப் போனால் உலை எப்படி ஆறுமோ, அப்படியே தைராய்டு சோர்ந்தால் சரீரம் முழுவதும் மந்தப்பட்டுப் போகிறது. இருதயம் மெதுவாக அடிக்கிறது. குடல் மெதுவாக நகர்கிறது. மூளை மெதுவாக யோசிக்கிறது.

தசைகளும் இதற்கு விலக்கல்ல. தைராக்ஸின் குறையும்போது தசை தனக்கு வேண்டிய சக்தியைச் சரியாக உற்பத்தி செய்துகொள்ள முடிவதில்லை. சுருங்கிய தசை மறுபடி தளர்வதற்கு நேரம் பிடிக்கிறது. டாக்டர் ஒரு சிறு ரப்பர்ச் சுத்தியலால் குதிகாலுக்கு மேலே தட்டினால் பாதம் துள்ளி உடனே பழைய நிலைக்கு வர வேண்டுமல்லவா? தைராய்டு குறைந்தவர்களுக்கு அது ஆடி அசைந்து திரும்புகிறது. முதுகும் இடுப்பும் தோளும் பெரிய தசைகளால் ஆனவை. நாள் முழுதும் நம்மை நிமிர்த்திப் பிடிப்பவை. அவை இறுகிப் போய்த் தளராமல் நின்றால் வலிக்காமல் என்ன செய்யும்? ஹாலந்து தேசத்தில், தைராய்டுக் குறைவு புதிதாகக் கண்டறியப்பட்ட 24 பேரைச் சோதித்து 2000-ஆம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்குத் தசை அல்லது நரம்பு சம்பந்தமான உபாதை இருந்தது. சிறிய ஆராய்ச்சிதான், என்றாலும் தைராய்டுக்கும் தசைக்கும் உள்ள உறவை அது தெளிவாகவே காட்டுகிறது.

இந்த வியாதி கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவாரஸ்யமானது. ஸ்திரீகளின் முறையீட்டைச் செவி கொடுத்துக் கேட்டால் என்ன நன்மை விளையும் என்பதற்கு அது அத்தாட்சியும் ஆகும். 1873-இல் லண்டனில் ஸர் வில்லியம் கல் என்ற வைத்தியர், நடுத்தர வயதில் முகம் ஊதி, பேச்சுக் குழறி, எப்போதும் அசதியாகவே இருந்த சில ஸ்திரீகளைப் பற்றி எழுதினார். 1878-இல் வில்லியம் ஆர்ட் என்பவர் அதற்கு 'மிக்ஸெடீமா' என்று நாமகரணம் செய்தார். 1891-இல் நியூகாஸில் நகரத்து ஜார்ஜ் மர்ரே, ஆட்டின் தைராய்டு சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஒரு நோயாளிக்கு ஊசி மூலம் ஏற்றினார். நடக்கவே அலுத்துக்கொண்டிருந்த அந்த அம்மாள் எழுந்து நடமாடத் தொடங்கினாள். அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் உயிரோடிருந்து 1919-இல் தன் 74-ஆம் வயதில் காலமானாள். அவளைக் காப்பாற்ற 870-க்கு மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் செலவாயின என்று மர்ரே கணக்கு வைத்திருந்தார்! 1914-இல் அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டால் தைராக்ஸினைத் தனியே பிரித்தெடுத்தார். 1927-இல் இங்கிலாந்தில் ஹாரிங்டனும் பார்கரும் அதை ரசாயன சாலையிலேயே தயாரித்துவிட்டார்கள். இன்று ஆடு எதுவும் வேண்டாம். கடுகளவு மாத்திரை போதும்.

இவ்வளவு எளிய மாற்று இருக்கும்போது, நமது நாட்டில் இந்தக் குறை எவ்வளவு பேருக்கு இருக்கிறது? சென்னை உட்பட எட்டு நகரங்களில் 5,376 பேரைச் சோதித்து 2013-இல் ஒரு கணக்கு வெளியாயிற்று. நூற்றுக்குப் பதினொருவருக்குத் தைராய்டுக் குறைவு இருந்தது. ஆண்களில் நூற்றுக்கு ஐந்து பேர்; ஸ்திரீகளில் சுமார் பதினாறு பேர். குறை இருந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர் அந்த விஷயத்தையே அதுவரை அறிந்திருக்கவில்லை. அவர்களுக்கு ஒரு துன்பமும் இல்லாமல் இருந்திருக்கலாம். அல்லது, இருந்த துன்பத்துக்கு வேறு பெயர் சூட்டப்பட்டிருக்கலாம். 'வயசாகிறது' என்பது ஒரு பெயர். 'பிரசவத்துக்கு அப்புறம் இப்படித்தான்' என்பது இன்னொரு பெயர். 'சோம்பல்' என்பது எல்லாவற்றிலும் கொடுமையான பெயர்.

சரி, வேலையால் வந்த முதுகுவலியையும் தைராய்டால் வந்த முதுகுவலியையும் எப்படிப் பிரித்து அறிவது? வலியை மாத்திரம் பார்த்தால் பிரிக்க முடியாது. வலி யாரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரவு முழுதும் தூங்கியும் காலையில் அசதி, மற்றவர்கள் விசிறியைத் தேடும்போது இவளுக்கு மாத்திரம் போர்வை வேண்டியிருத்தல், சாப்பாடு அதிகமில்லாமலே எடை கூடுதல், மலச்சிக்கல், தோல் வறண்டு போதல், சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வருதல், குரல் கம்மிப் போதல், மாத விலக்கில் அதிகப் போக்கு, ஞாபக மறதி, காரணமில்லாத மனச் சோர்வு, கை விரல்கள் மரத்துப் போதல், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தல். இவற்றில் நாலைந்து சேர்ந்து வந்து, முதுகோடு தோளும் தொடையும் இறுகி வலித்தால், தைலத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு இரத்தத்தைச் சோதிப்பதே விவேகம். தாய்க்கோ, அக்காள் தங்கைக்கோ தைராய்டுக் கோளாறு உண்டென்றால் சந்தேகத்துக்கு இன்னும் இடம் உண்டு.

சோதிப்பதும் பெரிய காரியமல்ல. தைராய்டு சோர்ந்தால், மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்னும் சுரப்பி 'வேலை செய், வேலை செய்' என்று அதைத் தூண்டுவதற்காக டி.எஸ்.எச். என்ற வேறொரு ரசத்தை அதிகமாக அனுப்புகிறது. தொழிலாளி மந்தமானால் மேஸ்திரியின் கூச்சல் அதிகமாவதுபோல! ஆகவே இரத்தத்தில் டி.எஸ்.எச். உயர்ந்து, தைராக்ஸின் குறைந்திருந்தால் நோய் நிச்சயம். ஆத்தூரிலிருந்து சுமார் ஐம்பது கிலோமீட்டரில் உள்ள சேலத்தில், 1986-இல் ஏற்பட்ட அரசாங்க மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி இருக்கிறது. இந்த மாதிரிப் பெரிய ஆஸ்பத்திரிகளில் இப்பரிசோதனை அன்றாட விவகாரம்.

நிற்க. இதுவரை எழுதியதைப் படித்துவிட்டு, முதுகு வலிக்கிற ஒவ்வொருவரும் தைராய்டு மாத்திரைக்குக் கிளம்பிவிடக் கூடாது. எதிர்ப்பக்கத்தையும் சொல்வது நமது கடமை. டி.எஸ்.எச். சிறிது மட்டும் உயர்ந்து, தைராக்ஸின் சரியாகவே இருக்கிற நிலை ஒன்று உண்டு. அப்படிப்பட்ட 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை ஐரோப்பாவில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மெய்யான மாத்திரையும் மற்றதற்கு வெறும் மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2017-இல் முடிவு வெளியாயிற்று: அசதியிலோ மற்றத் தொந்தரவுகளிலோ இரு பிரிவினருக்கும் வித்தியாசமே காணவில்லை. ஆகவே காகிதத்தில் உள்ள ஓர் எண்ணுக்கு மருந்து கொடுத்தால் முதுகு நிமிர்ந்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. அனாவசியமாகவோ அளவு மீறியோ தைராக்ஸின் சாப்பிட்டால் நெஞ்சு படபடக்கும். நாளடைவில் எலும்பும் மெலியும். முதுகுவலியைப் போக்கப் போய் முதுகெலும்பையே முறித்துக்கொண்ட கதையாகிவிடும்.

இனி ஆத்தூருக்கென்றே உரிய ஒரு விஷயம். இரண்டாவது உலக யுத்தத்தின்போது கடல் கடந்து வந்துகொண்டிருந்த ஸ்டார்ச்சும் ஜவ்வரிசியும் நின்று போக, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் குடிசைத் தொழிலாகத் தொடங்கிய ஜவ்வரிசித் தொழில் இன்று அந்தப் பிரதேசத்தையே வாழ வைக்கிறது. அதன் மூலப் பொருளான மரவள்ளிக் கிழங்கில் இயற்கையிலேயே ஒரு நச்சுச் சத்து உண்டு. உடம்புக்குள் போனதும் அது தயோசயனேட் என்ற பொருளாக மாறி, தைராய்டு அயோடினைப் பிடித்துக்கொள்ள வொட்டாமல் தடுக்கிறது. ஆப்பிரிக்காவில் காங்கோ தேசத்தில், அயோடின் குறைந்த உணவோடு சரியாகப் பக்குவம் செய்யாத மரவள்ளியையே பிரதான ஆகாரமாகக் கொண்ட கிராமங்களில், கழுத்துக் கழலையும் தைராய்டுக் குறைவும் மிகுதியாக இருந்ததை ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள்.

இதைக் கேட்டு ஆத்தூர்க்காரர்கள் பயப்பட வேண்டியதில்லை. தோலைச் சீவி, துண்டாக்கி, நிறையத் தண்ணீரில் வேக வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடும் நமது பழைய வழக்கமே நச்சின் பெரும் பகுதியைப் போக்கிவிடுகிறது. ஜவ்வரிசி செய்யும்போதும் மாவு பல தடவை தண்ணீரில் கழுவப்படுகிறது. போதிய அயோடின் உள்ளவர்களை மரவள்ளி எளிதில் அசைக்காது. கேள்வி அங்கேதான் வருகிறது: போதிய அயோடின் இருக்கிறதா?

'கடல் உப்பில் அயோடின் தானாகவே இருக்குமே' என்று படித்தவர்களும் சொல்லக் கேட்கிறோம். அது தவறு. அளத்தில் விளையும் உப்பில் அயோடின் மிகச் சொற்பம். பிறகு சேர்த்தால்தான் உண்டு. நமது தேச விஞ்ஞானி டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியும் அவருடைய சகாக்களும் 1956-இல் இமயமலைச் சாரலில் உள்ள காங்ரா பள்ளத்தாக்கில் ஆராய்ச்சியைத் தொடங்கி, உப்பில் அயோடினைச் சேர்த்தால் கழலை குறைகிறது என்று நிரூபித்தார்கள். அதன் பயனாக 1962-இல் தேசியத் திட்டம் பிறந்தது. 2006-இல் அயோடின் சேராத உப்பை நேரடியாக உண்பதற்கு விற்பது தடுக்கப்பட்டது. அப்படியிருந்தும், 2018-19-இல் எடுத்த கணக்கில், போதிய அயோடின் உள்ள உப்பை உபயோகிக்கும் குடும்பங்கள் தேசத்தில் நூற்றுக்கு 76. தமிழ் நாட்டிலோ 62 மட்டுமே. 1930-இல் வேதாரண்யத்தில் உப்புக்காகச் சிறை சென்ற தமிழ் நாடு, உப்பு விஷயத்தில் இப்படிப் பின்தங்கி நிற்பது வருந்தத்தக்கது. உப்பை அள்ளும் உரிமையை அன்று போராடிப் பெற்றோம். நல்ல உப்பாகப் பார்த்து வாங்கும் சிரத்தை மாத்திரம் இன்னும் வரவில்லை.

குடும்பத் தலைவிகள் செய்ய வேண்டியது சுலபம். உறையின் மேல் அயோடின் சேர்ந்தது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கவும். அடுப்பின் அருகில் திறந்து வைக்காமல் மூடியுள்ள ஜாடியில் வைக்கவும். அதற்காக உப்பை அதிகமாகச் சேர்க்க வேண்டாம். இரத்தக் கொதிப்பு என்ற வேறொரு விருந்தாளி வந்துவிடுவார். இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நமது நகரங்களில் இன்று காணும் தைராய்டுக் குறைவுக்குப் பெரும்பாலும் காரணம் அயோடின் குறைவு அல்ல. தேகத்தின் காவற் படையே தவறாகத் தன் சுரப்பியைத் தாக்குவதுதான். 1912-இல் ஜப்பானிய வைத்தியர் ஹஷிமோட்டோ வர்ணித்த வியாதி அது. நல்ல உப்பு இதைத் தடுக்காது; மாத்திரையே வேண்டும்.

மாத்திரை சாப்பிடும் விதத்தில் நமது வீடுகளில் ஒரு தகராறு உண்டு. அதன் பெயர் காப்பி. தைராக்ஸின் மாத்திரையை விடியற்காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே காப்பி. காப்பியோடு சேர்த்து விழுங்கினால் மருந்தில் ஒரு பகுதி வீணாகிவிடும். இரும்புச் சத்து, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்து இரத்தத்தை மறுபடி பார்த்து அளவைச் சரி செய்வார்கள். கர்ப்பமானால் மருந்தை நிறுத்தவே கூடாது. அளவைக் கூட்ட வேண்டியிருக்கும், உடனே டாக்டரைப் பார்க்க வேண்டும். தசை வலி ஒரு வாரத்தில் போய்விடாது; மாதக்கணக்கில் படிப்படியாகவே குறையும். சில மாதமாகியும் மற்ற அறிகுறிகள் மறைந்து முதுகுவலி மட்டும் நின்றால், அதற்கு வேறு காரணம் தேட வேண்டும். மெலிந்த எலும்பு, 'டி' வைட்டமின் குறைவு, அல்லது வெறும் உழைப்பின் களைப்பு. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் தேகப் பயிற்சி வைத்தியர்கள் வீட்டுக்கே வருவதற்கு ஏற்பாடு உண்டு, அதையும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. கால் வலுவிழத்தல், சிறுநீரோ மலமோ கட்டுப்பாடு இழத்தல், மர்ம ஸ்தானத்தில் மரத்துப் போதல், இவற்றோடு முதுகுவலி வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாலை ஜுரமும் இளைப்பும் சேர்ந்தால் முதுகெலும்பில் க்ஷயரோகம் இருக்கக்கூடும். கீழே விழுந்த பின் வந்த வலி, படுத்தாலும் தணியாத இராத்திரி வலி, முன்பு புற்றுநோய் வந்தவரின் வலி ஆகியவற்றையும் தள்ளிப் போடலாகாது. இவற்றுக்குத் தைராய்டைச் சோதித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க நேரமில்லை.

மற்றவர்களுக்கு நேரம் இருக்கிறது, வேண்டியது கவனம்தான். வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவள், தன் வலியையும் கடைசியிலேயே சொல்லுவாள். அவள் சொல்லும்போது, "எங்கே வலிக்கிறது?" என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாமல், "வேறு என்ன செய்கிறது?" என்றும் கணவரோ, மாமியாரோ, மகனோ கேட்டுப் பழக வேண்டும். டாக்டரிடம் சொல்ல வேண்டிய சமாசாரம் பாதிக்குமேல் இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில் இருக்கிறது.